ஆற்றங்கரையில் பிறந்த நெடுங்குழல்

உரைநடை: வாழ்க்கை வரலாறு

நுழையும்முன்

காற்றுக்கெனத் தனியோசை இல்லை. அது இலைகளில் மோதினால் சலசலப்பு. குகையில் புகுந்தால் முழக்கம். மூங்கிலின் துளையில் நுழைந்தால் இசை. இயற்கையில் தானாக எழும் ஓசையைக் கேட்டு மகிழ்வது எல்லார்க்கும் எளிது. கேட்ட ஓசையைத் தன்வயப்படுத்தி, அந்தந்த வேளையில் உள்ளத்தில் ஊறும் கற்பனையால் புதிய இசையாகப் பெருக்குவது நெடுநாள் பயிற்சியால் வருவது. ஆயர் கையிலிருந்த மூங்கில் குழலை வடஇந்திய இசையரங்கின் நடுவே அமர்த்திய ஒருவரின் வாழ்க்கை அப்பயிற்சியின் வரலாறாகும்.

இயற்கையின் இசையரங்கு

சங்கப் புலவர் கபிலர், அகநானூற்றுப் பாடல் ஒன்றில் மலைச்சாரலையே இசையரங்காகக் காட்டுகிறார். அசைகின்ற மூங்கிலில் வண்டுகள் துளைத்த துளைகளின் வழியே மேல்காற்று புகுந்து குழலோசையை எழுப்புகிறது. அருவியின் ஒலி முழவாகிறது. கலைமான்களின் குரல் தூம்பாகிறது. வண்டுகளின் ரீங்காரம் யாழாகிறது. அவ்விசைக்கு மயில் ஆடுகிறது. மந்திகள் வியந்து நோக்குகின்றன. குழலிசையை முதலில் மனிதனுக்குக் கற்பித்தது இயற்கையே என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று.

ஆயினும் காட்டு மூங்கில் காற்று வீசும்போதெல்லாம் ஒலிக்கும்; காற்று நின்றால் அதுவும் நின்றுவிடும். எந்த ஓசையை நீட்டுவது, எதனைக் குறைப்பது, எங்கே அமைதி காப்பது என்பதை அது அறியாது. துளையின் ஓசையை இயற்கை காட்டியது. எத்துளையை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதை மனிதன் கற்றுக்கொண்டான். அக்கல்வியே இசைக்கலையாயிற்று.

தென்னிந்திய இசையரங்கில் புல்லாங்குழல் தனி இசைக்கருவியாகச் சிறப்புப் பெற்றதற்குக் கும்பகோணத்தைச் சேர்ந்த சரப சாஸ்திரிகள் (1872 - 1904) பெருங்காரணமாவார். இளமையிலேயே கண்பார்வையை இழந்த அவர், செவியையும் விரல்களையும் துணையாகக் கொண்டு அதனைச் செய்தார். ஆனால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடஇந்தியாவின் இந்துஸ்தானி இசையரங்கில் குழலுக்கு அத்தகைய இடம் வாய்க்கவில்லை. வாய்ப்பாட்டும் வீணையும் சித்தாரும் சரோதும் அரங்கை ஆண்டன. குழல் ஆயரின் கருவியாகவும் நாட்டுப்பாடல்களின் துணைக்கருவியாகவுமே கருதப்பட்டது. அந்நிலையை மாற்றியவர் பன்னாலால் கோஷ்.

நீர்நாட்டில் பிறப்பு

பன்னாலால் கோஷ் 1911ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24ஆம் நாள் பாரிசால் என்னும் ஊரில் பிறந்தார். அவரது இயற்பெயர் அமல் ஜோதி கோஷ். அக்காலத்தில் ஒன்றுபட்ட வங்காளத்தைச் சேர்ந்திருந்த பாரிசால், இன்று வங்காளதேச நாட்டில் உள்ளது. கீர்த்தன்கோலா என்னும் ஆற்றின் கரையில் அமைந்த அவ்வூரைச் சுற்றிலும் ஆறுகளும் கால்வாய்களும் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. தெருவைவிட நீர்வழியே மக்களுக்குப் பெருவழியாக விளங்கிய நாடு அது. நெல்லும் மீனும் மக்களும் படகிலேயே பயணம் செய்தனர்.

கீழை வங்காளத்துப் படகோட்டிகள் பாடும் நாட்டுப்பாடலுக்குப் பாட்டியாலி என்று பெயர். ஆற்றின் போக்கிலே படகு செல்லும்போது துடுப்புக்கு வேலை குறைவு. படகோட்டிக்கு விரைவும் இல்லை. ஆகவே அப்பாடலில் சொற்கள் குறைவாகவும் இசை நீண்டதாகவும் அமையும். ஒரு சுரத்தை எடுத்து நெடுநேரம் நிறுத்தி, பின்னர் மெல்ல அடுத்த சுரத்துக்கு இறங்குவது அதன் இயல்பு. அகன்ற நீர்ப்பரப்பில் அக்குரல் தொலைவு வரை செல்லும். மழைக்காலத்தில் கூரையிலும் குளத்திலும் பொழியும் மழையோசை, வயல்வெளியில் வீசும் காற்றோசை, கரையை மோதும் அலையோசை, படகோட்டியின் நீண்ட குரல் ஆகிய இவற்றின் நடுவே வளர்ந்தது பன்னாலாலின் செவி.

வீட்டிலும் இசை நிறைந்திருந்தது. தந்தையார் அட்சய குமார் கோஷ் சித்தார் வாசிப்பதில் வல்லவர். பன்னாலால் முதலில் தந்தையிடம் சித்தாரையே கற்றார். பின்னாளில் தபலாக் கலைஞராகப் புகழ்பெற்ற நிகில் கோஷ், பன்னாலாலின் இளவல் ஆவார். இவ்வாறு ஆற்றங்கரை ஓசையுணர்வை வளர்த்தது. இல்லம் இசையிலக்கணத்தின் தொடக்கத்தைத் தந்தது.

கைக்கு வந்த குழல்

பன்னாலாலின் கைக்குக் குழல் வந்த விதம் பற்றி இரண்டு கதைகள் வழங்குகின்றன. அவர் 9 வயதுச் சிறுவராக இருந்தபோது குழலாகவும் ஊன்றுகோலாகவும் பயன்பட்ட மூங்கில் ஒன்று அவருக்குக் கிடைத்ததென்றும், சித்தாரில் கற்ற பாடங்களை அதில் வாசித்துப் பழகினார் என்றும் கூறுவர். அவருக்கு 11 வயதானபோது, குழலும் சங்கும் ஏந்திய துறவி ஒருவர் எதிர்ப்பட்டு, சிறுவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு மகிழ்ந்து, தம் குழலையே பரிசாக அளித்து, இசையே அவருக்கு உய்வு தரும் என வாழ்த்தினார் என்பது மற்றொரு கதை.

இக்கதைகள் செவிவழியாக வந்தவை. இவற்றுள் நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சித்தாரின் பாடத்தைக் குழலில் வாசிப்பது எளிதன்று. சித்தாரில் ஒரு தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லலாம். குழலிலோ துளைகள் தனித்தனியே உள்ளன. விரலைச் சட்டென எடுத்தால் சுரம் படிக்கட்டு ஏறுவதுபோலத் தாவும். சித்தாரின் இழைவைக் குழலில் கொண்டுவர வேண்டுமானால், துளையின் மேலிருந்து விரலைச் சிறிது சிறிதாக நகர்த்த வேண்டும். மூச்சின் அளவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பிறிதொரு கருவிக்குரிய பாடம், குழலால் என்ன இயலும் என்பதை அச்சிறுவருக்கு உணர்த்தத் தொடங்கியது.

கல்கத்தா நகரில்

இளமையில் பன்னாலால் உடற்பயிற்சியிலும் குத்துச்சண்டையிலும் சிலம்பத்திலும் ஈடுபாடு கொண்டிருந்தார். விடுதலைப் போராட்ட உணர்வு வங்காள இளைஞர்களிடையே பொங்கியெழுந்த காலம் அது. அவரும் அவ்வுணர்வில் பங்குகொண்டார். ஆங்கிலேய அரசின் கண்காணிப்பு இளைஞர்களைத் தொடர்ந்தது. 1920களின் பிற்பகுதியில் அவர் பிறந்த ஊரை விட்டுக் கல்கத்தா நகருக்குச் சென்றார்.

ஆற்றோசைக்கு மாறாக அங்கே டிராம் வண்டிகளின் ஓசையும் சந்தை இரைச்சலும் சூழ்ந்தன. வாழ்க்கைக்குப் பொருள் தேட வேண்டியிருந்தது. அக்காலத் திரைப்படங்கள் பேசாப் படங்கள். திரையில் காட்சி ஓடும்போது அரங்கில் அமர்ந்திருக்கும் இசைக்கலைஞர்கள் அதற்கேற்ப வாசிப்பர். பன்னாலாலும் அவ்வாறு வாசித்தார். பின்னர் நியூ தியேட்டர்ஸ் என்னும் புகழ்பெற்ற படநிறுவனத்தின் இசைக்குழுவில் இடம்பெற்றார். பாரிசாலைச் சேர்ந்தவரும் பின்னாளில் சிறந்த திரையிசை அமைப்பாளராக விளங்கியவருமான அனில் பிஸ்வாஸ் அவருடைய நண்பர். அனில் பிஸ்வாசின் தங்கை பாருல் என்பாரைப் பன்னாலால் மணந்தார். பாருல் கோஷ் திரைப்படப் பின்னணிப் பாடகியாகப் பெயர் பெற்றார்.

குறுங்குழலும் நெடுங்குழலும்

வாசிக்க வாசிக்கப் பன்னாலாலுக்குத் தம் கருவியின் குறை தெளிவாகத் தெரிந்தது. அந்நாளில் வழக்கிலிருந்த குழல்கள் குறுகியவை. அவற்றின் ஓசை உயர்ந்தும் கூர்மையாகவும் ஒலிக்கும். திருவிழாக் கூட்டத்தில் அக்கூர்மை இனிக்கும். ஆனால், நள்ளிரவுக்குரிய ஒரு ராகத்தைத் தாழ்ந்த குரலில், நிதானமாக, ஒரு மணி நேரம் விரித்துரைக்க அக்குழலால் இயலாது. வாய்ப்பாட்டுக் கலைஞரின் குரலில் உள்ள கனமும் ஆழமும் அதற்கு இல்லை. குழல் அரங்கில் இடம்பெறாமைக்கு மக்களின் மனப்போக்கு மட்டுமன்றிக் கருவியின் அமைப்பும் காரணம் என அவர் உணர்ந்தார்.

குழலில் ஒலி பிறக்கும் முறை எளியது. வாய்த்துளையின் விளிம்பில் மூச்சு மோதும்போது குழலின் உள்ளிருக்கும் காற்று அதிர்கிறது. அக்காற்றுத் தம்பம் நீளமானால் அதிர்வு மெதுவாகும், ஓசை தாழும். தம்பம் குறுகினால் ஓசை உயரும். விரல்துளைகளை மூடுவதும் திறப்பதும் அத்தம்பத்தை நீட்டுவதும் குறைப்பதுமே ஆகும். எனவே, ஆழ்ந்த ஓசை வேண்டுமானால் குழலின் நீளத்தைக் கூட்ட வேண்டும்.

பன்னாலால் பல்வகைப் பொருள்களில் குழல்களைச் செய்து பார்த்தார். உலோகத்தையும் மரத்தையும் சோதித்தார். முடிவில் மூங்கிலுக்கே திரும்பினார். சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், குழல் செய்தற்குரிய பொருள்களாக மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றைக் கூறி, மூங்கிலே தலைசிறந்தது என உரைத்திருப்பது இங்கு ஒப்பிட்டு மகிழத்தக்கது. காலமும் நாடும் வேறாயினும் ஆய்ந்தவர் கண்ட முடிவு ஒன்றாகவே உள்ளது.

அவர் உருவாக்கிய குழலின் நீளம் 32 அங்குலம். அதாவது ஏறத்தாழ 81 செ.மீ. அத்துணை நீண்ட குழலில் விரல்துளைகள் ஒன்றுக்கொன்று விலகியே அமையும். விரல்நுனிகளால் அவற்றை மூடுதல் அரிது. விரல்களை அகல விரித்து, அவற்றின் சதைப்பகுதியால் துளைகளை மூட வேண்டும். குழலை நிரப்ப மூச்சும் மிகுதியாக வேண்டும். இளமையில் செய்த உடற்பயிற்சி இங்கே அவருக்குத் துணைநின்றிருக்கும் எனக் கருதலாம்.

வழக்கமான 6 விரல்துளைகளோடு 7ஆம் துளை ஒன்றையும் அவர் சேர்த்தார். சிறுவிரலால் மூடத்தக்க அத்துளை, குழலின் ஓசையைத் தாழ்ந்த தானத்தில் இன்னும் ஒரு படி கீழே, தீவிர மத்தியமம் வரை, கொண்டு சென்றது. தீவிர மத்தியமம் என்பது கர்நாடக இசையில் பிரதி மத்தியமம் எனப்படும் சுரம். கல்யாணிக்கு இணையான யமன் போன்ற ராகங்களுக்கு அச்சுரம் உயிர்நாடி. ஒரு சிறு துளை, ராகத்தின் பரப்பையே விரித்துக்காட்டியது.

கற்பனைக்கு முன் கல்வி

கருவி கிடைத்துவிட்டது. இனி அதில் எதனை வாசிப்பது?

இந்திய இசையில் அரங்கில் அமரும் கலைஞர், எழுதிவைத்ததை அப்படியே ஒப்பிப்பவர் அல்லர். ராகத்தின் ஏறுநிரல், இறங்குநிரல், உயிர்ச்சுரங்கள், சிறப்பான சொற்கட்டுகள் ஆகிய வரம்புகள் அவருக்குத் தெரியும். அவ்வரம்புக்குள் நின்று, அவ்வேளையில் தோன்றுவதை அவர் படைக்கிறார். தென்னகத்தில் இதனை மனோதர்மம் என்பர். ஆலாபனையும் கற்பனைச் சுரமும் அதன் வடிவங்கள். வடஇந்தியாவில் ஆலாப்பும் விளம்ப கயாலும் அதற்குரிய பெருவெளிகள். ஒரே கலைஞர் ஒரே ராகத்தை இருநாள் வாசித்தால் இரண்டும் ஒன்றாக இரா.

ஆற்றுக்கும் இதற்கும் ஓர் ஒப்புமை உண்டு. ஆற்றில் நேற்று ஓடிய நீர் இன்று ஓடுவதில்லை. எனினும் ஆறு தன் கரையை விட்டு விலகுவதுமில்லை. நாள்தோறும் புதிய நீர், மாறாத கரை. மனோதர்மத்தின் இயல்பும் அதுவே. கரையில்லாத நீர் வெள்ளம். நீரில்லாத கரை மணல்மேடு.

அக்கரையை அறிந்துகொள்ளவே பன்னாலால் ஆசிரியர்களைத் தேடினார். 1930களில் ஆர்மோனியக் கலைஞரான குஷி முகமது கான் என்பாரிடம் முறையாக இந்துஸ்தானி இசையைக் கற்றார். அதன்பின் வங்காளத்தின் சிறந்த இசைப்பேராசிரியராகிய கிரிஜா சங்கர் சக்கரவர்த்தியிடம் பயின்றார். இவ்விருவருள் எவரும் குழலிசைக் கலைஞர் அல்லர் என்பது கருதத்தக்கது. குழலைக் கற்பிக்கும் மரபு அவருக்கு முன்னே இல்லாமையால், ராகத்தை ஆசிரியரிடம் கற்று, அதனைக் குழலில் எவ்வாறு வாசிப்பது என்பதைத் தாமே கண்டறிய வேண்டியிருந்தது. ஆசிரியர் பாதி வழி காட்டினார்; மீதி வழியை மூங்கிலே காட்டியது.

அதன் பயனாக, வாய்ப்பாட்டைப் போலவே குழலில் ராகத்தை விரிக்கும் முறை உருவாயிற்று. விளம்ப கயால் என்பது மிக மெதுவான தாளத்தில், ஒவ்வொரு சுரமாக எடுத்து, அதன் அழகையெல்லாம் காட்டி, பின்னரே அடுத்த சுரத்துக்குச் செல்லும் பாடல்முறை. பன்னாலால் அதனை நெடுங்குழலில் வாசித்தார். ஒரு சுரத்தில் தங்கி, அதனை நிறைத்து, மெல்ல அடுத்ததற்கு இறங்கும் அவ்வாசிப்பைக் கேட்போர்க்கு, நீர்ப்பரப்பின் மேல் மிதந்துவரும் படகோட்டியின் குரல் நினைவுக்கு வருவது இயல்பே. இளமையில் செவியில் படிந்தது இலக்கணத்தின் வழியே மீண்டும் வெளிப்பட்டது.

1938ஆம் ஆண்டு செரைகேலா நடனக் குழுவினருடன் இசைக்கலைஞராக ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று வந்தார். 1940ஆம் ஆண்டு பம்பாய் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே திரைப்படங்களுக்கு இசையமைத்தார். 1942ஆம் ஆண்டு வெளிவந்த ‘வசந்த்’ என்னும் இந்தித் திரைப்படம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது.

புகழின் நடுவில் ஒரு மாணவர்

1947ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றது, பிரிவினையும் நிகழ்ந்தது. பாரிசால் கிழக்குப் பாகிஸ்தானின் பகுதியாயிற்று. பன்னாலால் பிறந்து வளர்ந்த ஆற்றங்கரை வேறொரு நாட்டின் எல்லைக்குள் சென்றுவிட்டது.

அவ்வாண்டில் அவருக்கு வயது 36. அரங்கிலும் வானொலியிலும் திரையுலகிலும் அவர் பெயர் பரவியிருந்தது. கற்றது போதும் என்று அவர் அமைந்திருக்கலாம். குறை கூறுவார் எவருமில்லை. ஆனால், அவ்வாண்டிலேயே அவர் மைஹார் உஸ்தாத் அலாவுதீன் கானிடம் மாணவராகச் சேர்ந்தார். பல கருவிகளில் வல்லவராகிய அலாவுதீன் கான், சரோதுக் கலைஞர் அலி அக்பர் கான், சித்தார்க் கலைஞர் ரவி சங்கர், சுர்பகார்க் கலைஞர் அன்னபூர்ணா தேவி ஆகியோரை உருவாக்கிய பேராசான். பயிற்சியில் சிறிதும் விட்டுக்கொடுக்காதவர். தம்மைப் பலர் ஆசிரியராகக் கொண்டாடிய வேளையில், பன்னாலால் மற்றொருவர் முன் மாணவராக அமர்ந்தார்.

அவரது வாழ்க்கையில் நாம் போற்றத்தக்க இடம் இதுவே. கற்பனை மிக்கவர்க்குக் கல்வி வேண்டா என நினைப்பது பிழை. கற்பனை செய்யச் செய்யத் தம் கரையின் எல்லை எங்கே முடிகிறது என்பது கலைஞருக்குத் தெரிகிறது. அவ்வெல்லையைக் கண்டவர் இருவழிகளில் ஒன்றைத் தேர்வர். கண்டும் காணாததுபோல் அறிந்ததையே திரும்பத் திரும்ப வாசிப்பது ஒரு வழி. மீண்டும் கற்கத் தொடங்குவது மற்றொரு வழி. பன்னாலால் இரண்டாவதைத் தேர்ந்தார்.

இயற்கையைப் பாடிய குழல்

இந்துஸ்தானி இசையில் பல ராகங்களுக்குப் பொழுதும் பருவமும் உண்டு. கதிரவன் மறையும் வேளைக்கு ஸ்ரீ; மாலை முடிந்து இரவு தொடங்கும் வேளைக்கு யமன்; ஆழ்ந்த இரவுக்குத் தர்பாரி; இளவேனிலுக்கு வசந்த்; மழைக்கு மல்ஹார். தமிழ் மரபில் பண்களைப் பகற்பண், இரவுப்பண் எனப் பகுத்ததையும் இங்கு நினைவுகூரலாம். வானத்தின் நிறமும் காற்றின் ஈரமும் மாறும்போது உள்ளம் மாறுகிறது. அதற்கேற்ப இசையும் மாறுகிறது. யமன், ஸ்ரீ, தர்பாரி ஆகிய ராகங்களில் பன்னாலால் வாசித்த ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. நெடுங்குழலின் ஆழம் அந்தந்தப் பொழுதின் தன்மையை உணர்த்துவதை அவற்றில் கேட்கலாம்.

இருக்கும் ராகங்களை வாசித்ததோடு அமையாமல், நூபுரத்வனி, சந்திரமௌலி, தீபாவளி முதலிய புதிய ராகங்களையும் அவர் படைத்தார். நூபுரத்வனி என்பதற்குச் சிலம்பொலி என்பது பொருள்.

1956ஆம் ஆண்டு தில்லியில் அகில இந்திய வானொலியின் தேசிய இசைக்குழுவாகிய வாத்திய விருந்தாவின் நடத்துநராகப் பொறுப்பேற்றார். பல கருவிகள் சேர்ந்திசைக்கும் அக்குழுவுக்காக அவர் இசைக்கோவைகளை அமைத்தார். அவற்றுள் ஒன்று ‘ரிதுராஜ்’. பருவங்களின் அரசனாகிய இளவேனிலைக் குறிக்கும் பெயர். மற்றொன்று ‘ஹரியாலி’; பசுமை என்பது அதன் பொருள். அசோகரின் வாழ்வை நினைவூட்டும் ‘கலிங்க விஜய்’ என்பதும் அவர் அமைத்ததே. பசுமை சூழ்ந்த நீர்நாட்டில் பிறந்தவர், தலைநகரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் அமர்ந்தபோதும் பசுமையையும் இளவேனிலையும் இசைக்குப் பொருளாகக் கொண்டமை நோக்கத்தக்கது. அதே 1956இல் வெளிவந்த ‘வசந்த் பகார்’ என்னும் இந்தித் திரைப்படத்தில் ஒலித்த அவரது குழலை நாடெங்கும் மக்கள் கேட்டு மகிழ்ந்தனர்.

மறைவும் மரபும்

1960ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 20ஆம் நாள் தில்லியில் மாரடைப்பால் பன்னாலால் கோஷ் காலமானார். அப்போது அவருக்கு வயது 48. நெடுங்குழலை ஊதிய மூச்சு குறுகிய வாழ்நாளில் அடங்கிவிட்டது.

ஆயினும் அவர் தொடங்கிய மரபு நிற்கவில்லை. அவரிடம் பயின்ற தேவேந்திர முர்தேஷ்வர் உள்ளிட்ட மாணவர்கள் அவரது வாசிப்பு முறையைத் தொடர்ந்தனர். தேவேந்திர முர்தேஷ்வர் அவருக்கு மருமகனும் ஆவார். ஹரிபிரசாத் சௌராசியா போன்ற பிற்காலக் கலைஞர்கள் உலக அரங்குகளில் நீண்ட மூங்கில் குழலை முழங்கச் செய்தனர். இன்று இந்துஸ்தானி குழலிசை என்றவுடன் நம் கண்முன் தோன்றும் அந்நெடுங்குழல், பன்னாலால் கோஷின் தேடலில் விளைந்ததே.

இயற்கை எல்லார் செவியிலும் ஒலிக்கிறது. பாரிசாலின் ஆற்றங்கரையில் படகோட்டியின் பாடலைக் கேட்ட சிறுவர்கள் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருவர், கேட்டதை மறவாமல், அதற்கேற்ற கருவியைச் செய்து, அதற்குரிய கல்வியைத் தேடி, புகழ்பெற்ற பின்னும் கற்பதை நிறுத்தாமல் வாழ்ந்தார். ஆகவே ஆற்றின் குரல் அரங்கில் ஒலித்தது.

அருஞ்சொற்பொருள்

தூம்பு – பெருவங்கியம் என்னும் இசைக்கருவி
முழவு – தோற்கருவி வகை
இளவல் – தம்பி
உய்வு – ஈடேற்றம்
காற்றுத் தம்பம் – குழலுள் அடங்கிய காற்றுத்தூண்
விளம்பம் – மெதுவான காலம்
ஏறுநிரல், இறங்குநிரல் – ஆரோகணம், அவரோகணம்
சுர்பகார் – சித்தாரினும் பெரிய, தாழ்ந்த ஓசையுடைய நரம்புக்கருவி

கற்பவை கற்றபின்

1. காட்டு மூங்கில் எழுப்பும் ஓசைக்கும் கலைஞர் வாசிக்கும் இசைக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தின் வழி விளக்குக.
2. குறுங்குழலின் குறைகள் யாவை? பன்னாலால் கோஷ் அவற்றை எவ்வாறு நீக்கினார்?
3. மனோதர்மத்துக்கு ஆறு உவமையாகக் கூறப்பட்டதன் பொருத்தத்தை எழுதுக. இதற்கு வேறோர் உவமையை நீங்களும் கூறுக.
4. குழலிசைக் கலைஞர் அல்லாத ஆசிரியர்களிடம் பன்னாலால் எதனைக் கற்றார்? எதனைத் தாமே கண்டறிந்தார்?
5. 36ஆம் வயதில் மீண்டும் மாணவரான அவரது செயல் உங்களுக்கு உணர்த்துவது யாது? ஒரு பத்தியில் எழுதுக.
6. செயல்பாடு: காலையிலோ மாலையிலோ உங்கள் வீட்டின் அருகே பத்து மணித்துளி அமைதியாக அமர்ந்து, கேட்கும் ஓசைகளை வரிசையாகக் குறித்துக்கொள்க. மறுநாள் அதே இடத்தில், அதே வேளையில் மீண்டும் கேளுங்கள். மாறியவை எவை, மாறாதவை எவை என வகுப்பில் கலந்துரையாடுக.